டர்ப் மைதானத்தில் பந்து விளையாட தலைக்கு ரூ.120: அந்த பணம் எங்கே போகிறது?

சென்னை,

சாயங்காலம் 6 மணி ஆனால் போதும். ஒர்க்‌ஷாப்பில் கையை கழுவி விட்டு, துணிக்கடையில் கணக்கை முடித்து விட்டு, டெலிவரி பையை கழற்றி வைத்து விட்டு வாலிபர்கள் பைக்கில் கிளம்பி விடுகிறார்கள். ஒரு பைக்கில் 3 பேர் வேறு. போலீஸ் பிடித்தால் அது தனி செலவு. போகிற இடம், பச்சை வலை கட்டி, பளீர் என்று விளக்கு போட்ட டர்ப் மைதானம்.

முன்பெல்லாம் பந்து விளையாட ஒரு பந்து இருந்தால் போதும். இப்போது பந்தை மைதானக்காரரே கொடுத்து விடுகிறார். தரைக்குத்தான் வாடகை. ஒரு காலத்தில் வாடகை சைக்கிளை மணிக்கணக்கில் எடுத்து ஓட்டியது போல, இப்போது புல் தரையை மணிக்கணக்கில் எடுத்து ஓடுகிறார்கள்.

சென்னை, கோவை, மதுரை போன்ற பெரிய ஊர்களில் ஆரம்பித்த இந்த பழக்கம் தாலுகா ஊர்கள் வரை வந்து விட்டது. சின்ன ஊர்களில் மணிக்கு ரூ.500, ரூ.600 என்று வாங்குகிறார்கள். சென்னையில் ரூ.1,000-ஐ தாண்டி விடுகிறது. சனி, ஞாயிறு ராத்திரி என்றால் இன்னும் மேலே போகும். மேலே கூரை போட்ட உள்அரங்கம் என்றால் அதற்கு ஒரு தனி ரேட்.

"வெறும் தரைக்கு எதுக்குடா இவ்வளவு காசு?" என்று வீட்டில் அப்பா கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். இதுபற்றிய விவரம் வருமாறு:-

கூரைக்கு கீழே செத்துப்போன புல்

இந்த செயற்கை புல் கதை அமெரிக்காவில் தொடங்கியது. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் 1965-ம் ஆண்டு 'ஆஸ்ட்ரோடோம்' என்ற பிரமாண்ட உள்விளையாட்டு அரங்கம் திறக்கப்பட்டது. பேஸ்பால் விளையாட்டுக்காக கட்டியது. உள்ளே நிஜ புல் வளர்த்தார்கள். வெயில் உள்ளே வர வேண்டும் என்பதற்காக கூரையில் கண்ணாடி போன்ற தகடுகளை பதித்தார்கள்.

அங்கேதான் வந்தது வினை. கூரையின் கூச்சத்தில் மேலே பறந்து வரும் பந்து வீரர்கள் கண்ணுக்கு தெரியவில்லை. உடனே தகடுகளுக்கு பெயிண்ட் அடித்தார்கள். பந்து தெரிந்தது, ஆனால் வெயில் நின்று போனதால் புல் செத்து விட்டது. அதன் பிறகு 1966-ல் பிளாஸ்டிக் புல்லை விரித்தார்கள். அந்த அரங்கத்தின் பெயராலேயே அதற்கு 'ஆஸ்ட்ரோ டர்ப்' என்ற பெயரும் நிலைத்து விட்டது.

சின்ன இடத்தில் ஆளுக்கு 5 பேர் வைத்து ஆடும் பழக்கம் அதற்கும் முந்தையது. 1930-ல் உருகுவே நாட்டின் மான்டிவிடியோ நகரில் ஜூவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர், கூடைப்பந்து ஆடுகள அளவில் கால்பந்து ஆட வைத்தார். அதுதான் பிறகு 'புட்சால்' ஆனது. சர்வதேச போட்டி நடத்தும் புட்சால் ஆடுகளம் 38 முதல் 42 மீட்டர் நீளம், 20 முதல் 25 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம்ம ஊர் டர்ப்புகளில் பாதிக்கு மேல் அதை விட சின்னதாக இருக்கும். கல்யாண மண்டபத்துக்கு பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவுதான் மைதானம்!

விரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது?

பார்ப்பதற்கு பச்சை கம்பளம் மாதிரி இருக்கும். ஆனால் கம்பளத்தை வாங்கி வந்து தரையில் விரித்து விட்டால் வேலை முடிந்து விடாது.

முதலில் தரையை சமன் செய்து, தண்ணீர் ஓட லேசான சரிவு கொடுக்க வேண்டும். அதன் மேல் பெரிய ஜல்லி, பிறகு சின்ன ஜல்லி, அதற்கு மேல் பொடி என்று அடுக்கடுக்காக போட்டு ரோலர் விட்டு இறுக்க வேண்டும். இந்த அடித்தளத்தில் மிச்சம் பிடித்தவர்கள்தான் பிறகு மாட்டிக் கொள்கிறார்கள். ஒரு மழைக்கு அங்கங்கே குழி விழுந்து, பந்து போகிற போக்கில் திரும்பி விடும்.

அடித்தளத்துக்கு மேல்தான் புல் விரிப்பு வருகிறது. இது பாலி எத்திலீன் என்ற பிளாஸ்டிக் இழை. கால்பந்துக்கு 40 முதல் 60 மில்லி மீட்டர் உயரம் உள்ள இழையை போடுகிறார்கள். கல்யாண வீட்டு வாசலில் விரிக்கும் பச்சை விரிப்பு வேறு, இது வேறு. ரோல் ரோலாக வருவதை பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே பட்டை கொடுத்து பசை போட்டு ஒட்டுகிறார்கள். பிறகு இழைகளுக்கு நடுவே மணலையும், கருப்பு ரப்பர் குருணையையும் தூவுகிறார்கள்.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து ஷூவை கழற்றினால் தரையெல்லாம் கருப்பு கருப்பாக கொட்டுமே, அம்மா திட்டுவாங்களே, அது இந்த குருணைதான். பெரும்பாலும் பழைய டயரை அரைத்து எடுத்தது. இழையை நிமிர்ந்து நிற்க வைப்பதும், கீழே விழுந்தால் அடி படாமல் தாங்குவதும் இதுதான். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிளாஸ்டிக் துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன என்று ஐரோப்பிய யூனியன் 2023-ல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. அதன்படி இந்த வகை குருணையை 2031 அக்டோபருக்கு பிறகு அங்கே விற்க முடியாது.

வாடகை கணக்கு

இனி காசு விஷயத்துக்கு வருவோம். ஒரு உதாரண கணக்கு போட்டு பார்க்கலாம். ஊருக்கு ஊர் தொகை மாறும். ஆனால் கணக்கு ஓடும் விதம் ஒன்றுதான்.

புறநகர் பகுதியில் ஒருவர் காலி இடத்தை மாதம் ரூ.60 ஆயிரம் வாடகைக்கு எடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அடித்தளம், புல், இரும்பு கம்பம், வலை, விளக்கு, கழிவறை எல்லாம் சேர்த்து ரூ.20 லட்சம் கடன் வாங்குகிறார். 12 சதவீத வட்டியில் 5 ஆண்டில் அடைக்க வேண்டும் என்றால் மாத தவணை சுமார் ரூ.44 ஆயிரத்து 500. பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள், 2 பேருக்கும் சேர்த்து சம்பளம் ரூ.30 ஆயிரம். ஆக, ஒருத்தர் கூட விளையாட வராவிட்டாலும் மாதம் பிறந்தால் ரூ.1 லட்சத்து 34 ஆயிரத்து 500 எடுத்து வைத்தாக வேண்டும்.

மணிக்கு வாடகை ரூ.1,000. தினமும் 6 மணி நேரம் ஆள் வந்தால் மாதம் 180 மணி நேரம், ரூ.1 லட்சத்து 80 ஆயிரம் வசூல். கரண்டு, பந்து, வலை, தண்ணீர் என்று சில்லறை செலவுக்கு மணிக்கு 75 ரூபாய் போட்டாலும், கையில் ரூ.32 ஆயிரம் நிற்கும்.

இதே மைதானத்துக்கு தினமும் 3 மணி நேரம்தான் ஆள் வருகிறது என்றால்? வசூல் ரூ.90 ஆயிரம். மாதம் ரூ.50 ஆயிரத்துக்கு மேல் கையை கடிக்கும். ஒரே சாலையில் நான்கு டர்ப் முளைத்து, போட்டி போட்டு வாடகையை குறைத்து, கடைசியில் விளக்கை அணைத்து விட்டு போவதற்கு காரணம் இந்த கணக்குதான்.

இதில் புல்லுக்கு மட்டும் எவ்வளவு? 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள மைதானம் கிட்டத்தட்ட 6 ஆயிரத்து 450 சதுர அடி. விரித்து, ஒட்டி, குருணை தூவி சதுர அடிக்கு ரூ.100 என்று வைத்தால் ரூ.6 லட்சத்து 45 ஆயிரம். அந்த புல் 6 ஆண்டு தாங்கி, தினமும் 6 மணி நேரம் மிதிபட்டால் மொத்தம் 13 ஆயிரத்து 140 மணி நேரம். வகுத்து பார்த்தால் மணிக்கு 49 ரூபாய்.

அதாவது 1,000 ரூபாய் வாடகையில் பசங்க மிதிக்கிற புல்லுக்கு 50 ரூபாய் கூட இல்லை. ஆனால் இடத்து வாடகை மட்டும் மணிக்கு 333 ரூபாய். புல்லில் விளையாடுவதாக நினைத்துக் கொண்டு, மண்ணுக்குத்தான் காசு கொடுத்துக் கொண்டு இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். "ராத்திரியிலே லைட் போடணும் சார், அதான் ரேட் ஜாஸ்தி" என்று சொல்லும் மைதானங்கள் உண்டு. 200 வாட் எல்.இ.டி. விளக்கு 12 எரிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 2.4 யூனிட் ஆகும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் 24 ரூபாய்தான். மாதா மாதம் கட்டும் நிலை கட்டணம் தனி என்றாலும், பகலுக்கும் ராத்திரிக்கும் நடுவே 400, 500 ரூபாய் வித்தியாசம் வருவதற்கு கரண்டு காரணம் கிடையாது. எல்லாருக்கும் வேலை முடிகிற நேரம் அது. தீபாவளிக்கு ஆம்னி பஸ் டிக்கெட் ஏறுவது மாதிரிதான் இதுவும்.

பாவம், புக் பண்ணினவர்!

வாடகை ரூ.1,200. ஆள் 10 பேர். தலைக்கு 120 ரூபாய். வாட்ஸ்-அப் குரூப்பில் பத்து பேரும் கட்டை விரலை காட்டி விடுவார்கள். ஒருத்தர் தன் கையில் இருந்து கூகுள் பேயில் முன்பணம் அனுப்பி இடத்தை பிடித்து விடுவார். ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு ஒருத்தருக்கு ஜலதோஷம். இன்னொருத்தருக்கு ஓவர் டைம். 8 பேர் வந்தால் தலைக்கு 150 ரூபாய் ஆகி விடும். வராத இரண்டு பேரிடம் கேட்டால், "நான்தான் ஆடவே இல்லையே மச்சான்" என்பார்கள். அப்புறம் அந்த குரூப்பில் ஒரு வாரம் சத்தமே இருக்காது.

இதற்கு பல டீம்களில் ஒரு வழி கண்டுபிடித்து விட்டார்கள். மாதம் பிறந்ததும் ஆளுக்கு ஒரு தொகை, சீட்டு கட்டுவது போல முன்கூட்டியே கட்டி விட வேண்டும். வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வேலை இல்லாத பையனுக்கும், படிக்கிற தம்பிக்கும் சம்பளக்காரர்கள் சேர்ந்து போட்டு விடுவதும் உண்டு. மாதம் முழுவதும் ஒரே கிழமை, ஒரே நேரம் என்று மொத்தமாக எடுத்தால் மைதானக்காரரும் பேரம் பேச இறங்கி வருவார். அவருக்கு வேண்டியது ஆள் வராத மணி குறைவது. காலை 9 மணிக்கு மேல் சாயங்காலம் 4 மணி வரை பாதி விலைக்கு கூட கொடுப்பார்கள்.

ஆனால் அந்த நேரத்துக்கு ஆசைப்படும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். நிஜ புல் தண்ணீரை இழுத்து, ஆவியாக விட்டு தன்னை குளிர வைத்துக் கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. உச்சி வெயிலில் செயற்கை புல்தரையின் சூடு 60 டிகிரி செல்சியசை தாண்டுவதை வெளிநாடுகளில் அளந்து பார்த்து இருக்கிறார்கள். சித்திரை மாத மத்தியானத்தில் நம்ம ஊரில் வெறுங்காலோடு அதில் நிற்க முடியாது. பாதி விலை என்று போய் மயங்கி விழுந்தால், குளுக்கோஸ் ஏற்றும் செலவு முழு விலையை தாண்டி விடும்.

2024 அக்டோபரில் நடந்தது என்ன?

இதுவரை சொன்னது தனியார் மைதானம். சொந்த காசு போட்டவர் வாடகை வாங்குகிறார். பிடித்தால் ஆடலாம், பிடிக்காவிட்டால் விட்டு விடலாம். மக்கள் வரிப்பணத்தில் போட்ட டர்ப்புக்கும் காசு கேட்டால்?

அப்படி ஒரு சம்பவம் சென்னையில் நடந்தது. பெருநகர சென்னை மாநகராட்சிக்கு சொந்தமான செயற்கை புல் கால்பந்து மைதானங்கள் நகரின் பல பகுதிகளில் இருக்கின்றன. இதில் வியாசர்பாடி, திரு.வி.க.நகர் உள்பட 9 மைதானங்களை தனியாரிடம் ஒப்படைக்க 2024-ம் ஆண்டு அக்டோபர் மாத கடைசியில் மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு ரூ.120 கட்டணம் என்று அதில் சொல்லப்பட்டு இருந்தது.

செய்தி வெளியே வந்ததும் பரபரப்பு ஏற்பட்டது. அரசியல் கட்சிகளும், கால்பந்து ஆர்வலர்களும், பெற்றோரும் கடும் எதிர்ப்பு தெரிவித்தனர். ஓரிரு நாளிலேயே மாநகராட்சி பின் வாங்கியது. மைதானங்களை மாநகராட்சியே பராமரிக்கும், கட்டணம் கிடையாது என்று அறிவிக்கப்பட்டது.

120 ரூபாய்க்கா இவ்வளவு கூச்சல் என்று சிலர் கேட்டார்கள். வாரம் ஒரு நாள் ஜாலிக்காக ஆடுகிறவருக்கு அது ஒரு பிரியாணி காசு. ஆனால் கால்பந்தை நம்பி தினமும் பயிற்சி எடுக்கிற பையனுக்கு? வாரம் 5 நாள் ஒரு மணி நேரம் ஆடினால் ரூ.600. மாதத்துக்கு ரூ.2 ஆயிரத்து 400. வீட்டில் அண்ணன், தம்பி இரண்டு பேர் ஆடினால் ரூ.4 ஆயிரத்து 800. வியாசர்பாடியில் ஒரு வீட்டு வாடகையோடு சேர்த்து வைத்து பார்க்க வேண்டிய பணம் இது.

வியாசர்பாடி சாதாரண ஏரியா கிடையாது. தெருவுக்கு தெரு பந்து உருளும் இடம். இந்திய அணிக்காக ஆடிய தன்பால் கணேஷ் இங்கிருந்து போனவர்தான். 2017-18 சீசனில் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எப்.சி. அணியிலும் அவர் இருந்தார். வட சென்னையில் இருந்து போன இன்னொருவர் நந்தகுமார் சேகர். 2023 ஆகஸ்டு மாதம் கொல்கத்தாவில் நடந்த துரந்த் கோப்பை போட்டியில், மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் அணிக்கு அவர் அடித்த ஒரே கோல்தான் வெற்றியை தந்தது. மணிக்கு 120 ரூபாய் கட்டி பந்து பழகிய பிள்ளைகள் அல்ல இவர்கள்.

அந்த ரூ.120 நியாயம்தானா?

கட்டணம் கேட்டவர்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருந்தது. மைதானத்தை யார் பராமரிப்பது? விரிப்பு கிழிகிறது, வலை அறுகிறது, ராத்திரியில் குடிக்கிற கூட்டம் உள்ளே வருகிறது. இதற்கெல்லாம் பணம் வேண்டாமா?

வேண்டும்தான். எவ்வளவு வேண்டும் என்பதுதான் கேள்வி. மேலே போட்ட அதே உதாரண கணக்கை மாநகராட்சி மைதானத்துக்கு போட்டு பார்த்தால் விஷயம் தெரிந்து விடும். இடம் மக்களுடையது. எனவே மணிக்கு 333 ரூபாய் இடத்து வாடகை கிடையாது. மைதானத்தை ஏற்கனவே பொது பணத்தில் போட்டாகி விட்டது. எனவே கடன் தவணையும் கிடையாது. மிச்சம் என்ன? 2 காவலாளி சம்பளம் மணிக்கு 167 ரூபாய். கரண்டும் சில்லறை செலவும் 75 ரூபாய். அடுத்த புல் மாற்ற எடுத்து வைக்க வேண்டியது 50 ரூபாய். மொத்தம் ரூ.292. பத்து பேர் ஆடினால் தலைக்கு 30 ரூபாய் கூட வராது. ஆள் குறைந்து தினமும் 3 மணி நேரம்தான் மைதானம் ஓடுகிறது என்றாலும் தலைக்கு ஏறக்குறைய 50 ரூபாய்தான்.

தனியார் மைதானத்தில் தலைக்கு 120 ரூபாய் வாங்குகிறார்கள் என்றால் அதில் பெரிய பங்கு இடத்துக்கும், வட்டிக்கும் போகிறது. அந்த இரண்டும் இல்லாத பொது மைதானத்துக்கு அதே 120 ரூபாயை போட்டால், மக்கள் தங்கள் சொந்த இடத்துக்கு தாங்களே வாடகை கட்டுகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

கட்டணம் இல்லை என்று அறிவித்ததோடு பிரச்சினை முடிந்து விடவும் இல்லை. புல்லுக்கு அரசாணை தெரியாது. இலவசமாக மிதித்தாலும், காசு கொடுத்து மிதித்தாலும் அது தேயத்தான் செய்யும். நன்றாக பார்த்துக் கொண்டால் 8 முதல் 10 ஆண்டு வரை தாங்கும் விரிப்பு, கவனிக்காமல் விட்டால் அதற்கு பாதியிலேயே மொட்டை ஆகி விடும். அவ்வப்போது பிரஷ் போட்டு இழையை நிமிர்த்த வேண்டும். கோல் கம்பத்துக்கு முன்னால் குருணை சீக்கிரம் பறந்து விடும், அங்கே திரும்ப கொட்ட வேண்டும். ஒட்டு விட்ட இடத்தை அன்றைக்கே ஒட்டினால் கொஞ்ச பசையோடு போகும், ஒரு மாதம் விட்டால் ஒரு ரோலே வீணாகும். பட்ஜெட்டில் இந்த வேலைக்கு என்று தனியாக பணம் ஒதுக்கி வைக்கா விட்டால், நாலு வருஷம் கழித்து "மைதானம் பாழாகி விட்டது, தனியாரிடம் கொடுக்கலாம்" என்று இதே தீர்மானம் மறுபடி வர எவ்வளவு நேரம் ஆகும்?

முழங்கால் ஜாக்கிரதை

காசு கணக்கில் சேராத செலவு ஒன்று உண்டு. அது காயம். செயற்கை புல்லில் சறுக்கி விழுந்தால் தோல் வழண்டு, நெருப்பு பட்டது போல எரியும். 2015-ல் கனடாவில் நடந்த பெண்கள் உலக கோப்பை போட்டிகள் முழுவதும் செயற்கை புல்லில்தான் நடத்தப்பட்டன. ஆண்களுக்கு நிஜ புல், எங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக்கா என்று முன்னணி வீராங்கனைகள் சட்ட நடவடிக்கை வரை போனார்கள். பிறகு அதை திரும்ப பெற்று, அந்த தரையிலேயே ஆடி முடித்தார்கள்.

பெண்கள் என்றதும் இன்னொன்று. நம்ம ஊர் டர்ப்புகளில் சாயங்கால நேரத்தை ஆண்கள் டீம்களே மொத்தமாக பிடித்து விடுகின்றன. மாணவிகளுக்கு கிடைப்பது பெரும்பாலும் காலை நேரம். அதிலும் உடை மாற்ற அறை இல்லாத மைதானங்கள் எத்தனையோ!

ஷூ விஷயத்திலும் கவனம் வேண்டும். நிஜ புல்லுக்கு போடும் நீளமான கட்டை வைத்த ஷூவை இங்கே போட்டால், அது இழையில் சிக்கி நின்று விடும். கால் நிற்கும், உடம்பு திரும்பும். நடுவில் முழங்கால் மாட்டிக் கொள்ளும். மூட்டு ஜவ்வு கிழிந்தால் ஆபரேஷன், ஓய்வு என்று மாதக்கணக்கில் வேலைக்கு போக முடியாது. அன்றாடம் உழைத்து சாப்பிடுகிற வீட்டில் அது பெரிய இடி. அடியில் சின்ன சின்ன குமிழ் வைத்த டர்ப் ஷூ போதும். அதுவும் இல்லை என்றால் சாதாரண கேன்வாஸ் ஷூ மேல்.

முன்பணம் அனுப்புவதற்கு முன்பு

புது மைதானத்துக்கு போகிறவர்கள் முன்பணம் அனுப்பும் முன் ஒரு நடை நேரில் போய் பார்த்து விடுவது நல்லது. போட்டோவில் எல்லா புல்லும் பச்சையாகத்தான் இருக்கும். கோல் கம்பத்துக்கு முன்னால் குனிந்து கையால் தடவி பார்த்தால் வண்டவாளம் தெரிந்து விடும். இழை படுத்து கிடந்து, அடித்துணி தெரிந்தால் அங்கே விழுகிறவர் வெறும் தரையில் விழுகிற மாதிரிதான்.

கோல் கம்பத்தை ஒரு ஆட்டு ஆட்டி பார்க்க வேண்டும். தரையோடு இறுக்காத கம்பத்தில் சின்ன பசங்க தொங்கினால் தலையிலேயே சாயும். விளக்கு கம்பத்தில் ஒயர் வெளியே தொங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். சுற்றிலும் இரும்பு கம்பி, கீழே ஈர தரை, மழைக்காலம். எர்த் சரியாக கொடுக்காத இடத்தில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அந்த மாதிரி இடத்தில் இலவசம் என்றாலும் ஆட வேண்டாம்.

மழை வந்தால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் கிடைக்குமா என்பதை போனில் கேட்டால் மட்டும் போதாது. வாட்ஸ்-அப்பில் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக் கொள்வது நல்லது. கூரை இல்லாத மைதானத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இதனால்தான் முக்கால்வாசி தகராறு வருகிறது. ஆட்டம் தொடங்கி கால் மணி நேரத்தில் மழை பிடித்துக் கொண்டால் என்ன கணக்கு என்பதையும் அப்போதே கேட்டு விட வேண்டும். சில இடங்களில் மீதி 45 நிமிஷத்தை இன்னொரு நாளைக்கு கொடுக்கிறார்கள். சில இடங்களில் "காலை உள்ளே வெச்சாச்சுன்னா காசு காசுதான்" என்று சொல்லி விடுகிறார்கள்.

ஒரு மணி நேரம் என்றால் எப்போதிலிருந்து என்பதும் முக்கியம். 7 மணி ஆட்டத்துக்கு முந்தைய டீம் 7.10-க்கு வெளியே வந்தால், அந்த பத்து நிமிஷமும் காசுதான். மணிக்கு ரூ.1,200 என்றால் பத்து நிமிஷத்துக்கு 200 ரூபாய் ஆகிறது.